மர்ஃபி: பேரனைத் தொலைத்த பெயர்

டப்ளினுக்குக் குடிவந்து சில மாதங்களே ஆன ஒரு சகோதரி கேட்டிருந்தார்: "என் மகளின் வகுப்புத் தோழியின் குடும்பப் பெயர் மர்ஃபி. ஐரிஷ் பாட வேளையில் மட்டும் ஆசிரியை அவளை 'நீ வுரகூ' என்கிறாராம். அவளுடைய அண்ணன் 'ஓ முரகூ'. அம்மாவின் மின்னஞ்சலில் 'ஈ வுரகூ' என்று இருக்கிறது. ஒரே வீட்டில் எப்படி இத்தனை பெயர்? மர்ஃபி என்பது அங்கே சாதிப்பெயரா? என் தாத்தா வீட்டில் இருந்த மர்ஃபி ரேடியோவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?"

அருமையான கேள்வி. கார்க் நகரில் பதினோரு ஆண்டுகள் இருந்தவன் நான். எங்கள் தெருவிலேயே மூன்று மர்ஃபி குடும்பங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று உறவில்லை. அதனால் இந்தப் பெயரைப் பற்றிப் படிக்கவும் கேட்டறியவும் எனக்கு நிறைய வாய்ப்பு கிடைத்தது.

முதலில் நேரான பதில். நீங்கள் சொன்ன நான்கும் ஒரே பெயர்தான். 'மர்ஃபி' என்பது ஆங்கிலேய எழுத்தர்கள் தங்கள் காதில் விழுந்தபடி எழுதி வைத்த வடிவம். மற்ற மூன்றும் ஐரிஷ் மொழியில் அந்தப் பெயரின் ஆண், பெண், மனைவி வடிவங்கள்.

மூலத்தில் இருப்பது 'முர்ஹத்' என்ற ஓர் ஆளின் பெயர். பழைய ஐரிஷில் 'முயிர்' என்றால் கடல். 'கத்' என்றால் போர். கடலில் போர் செய்பவன், கடல் வீரன் என்று பொருள் கொள்கிறார்கள். இந்தக் கடல் 'முயிர்', லத்தீனின் 'மாரே'வுக்கு உறவுச் சொல். 10, 11ஆம் நூற்றாண்டுகளில் அயர்லாந்தில் இது மிகச் சாதாரணமாக வைக்கப்பட்ட பெயர். நம் ஊரில் ஒரு தெருவுக்கு இரண்டு முருகன் இருப்பது போல அங்கே முர்ஹத்கள் இருந்தார்கள். பின்னால் வரும் குழப்பங்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் வேர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆளின் பெயருக்கு முன்னால் 'ஓ' சேர்ந்தால் குடும்பப் பெயர். பலரும் நினைப்பது போல அந்த 'ஓ', ஆங்கில 'ஆஃப்' என்பதன் சுருக்கம் இல்லை. பழைய ஐரிஷில் 'உவா' என்று இருந்து 'ஓ' ஆன தனிச்சொல் அது. பொருள், பேரன். பிறகு பொருள் விரிந்து 'வழிவந்தவன்' என்றாயிற்று. 'மேக்' என்றால் மகன். ஆக, 'ஓ முர்ஹதா' என்றால் முர்ஹத்தின் பேரன். பின்பு எழுத்துச் சீர்திருத்தத்தில் அதுவே 'ஓ முரகூ' என்று சுருங்கியது.

தமிழில் பேரன் என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் பெயரன். அயர்லாந்திலும் தலைமகனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயரை வைப்பது நெடுநாள் வழக்கம். குடும்பப் பெயருக்குள்ளேயே 'பேரன்' என்ற சொல்லை வைத்திருக்கும் ஒரு மக்களைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட நெருக்கத்தை இன்றும் மறக்க முடியவில்லை.

இப்படிக் குடும்பப் பெயர் தலைமுறை தலைமுறையாக நிலைத்ததில் அயர்லாந்து ஐரோப்பாவில் மிகவும் முந்தியது. கால்வேயின் தெற்கே அயினே என்ற பகுதியை ஆண்ட ஓ க்ளேரி குலத் தலைவன் ஒருவன் 916இல் இறந்ததாக ஐரிஷ் ஆண்டுக்குறிப்புகளில் பதிவு இருக்கிறது. இன்றும் அயர்லாந்தில் க்ளியரி, ஓ'க்ளியரி என்று பெயர் வைத்திருப்பவர்கள் அந்தப் பெயரைத்தான் சுமக்கிறார்கள். இங்கிலாந்தில் குடும்பப் பெயர்கள் நிலைபெற்றது நார்மன் படையெடுப்புக்குப் பிறகுதான், அதுவும் மெல்ல மெல்ல.

இனி அந்தச் சிறுமியின் பெயர். பெண்ணை 'பேரன்' என்று எப்படிச் சொல்வது? அதனால் மகளுக்கு 'இனீன் ஈ', அதாவது 'பேரனுடைய மகள்' என்று சேர்ப்பார்கள். அது சுருங்கி 'நீ' ஆயிற்று. திருமணமாகிக் கணவர் பெயரை ஏற்றுக்கொண்டவருக்கு 'பான் ஈ'. 'பான்' என்றால் பெண், மனைவி. பேச்சிலும் எழுத்திலும் பல நேரம் 'பான்' நழுவி 'ஈ' மட்டும் நிற்கும். உங்கள் மகளின் தோழியினுடைய அம்மா அப்படித்தான் எழுதுகிறார். இந்த 'நீ', 'ஈ' இரண்டுக்கும் பின்னால் வரும் மெய் மென்மையாகும். 'ம' அங்கே 'வ' ஆகிவிடும். எழுத்தில் எம்-க்குப் பக்கத்தில் எச் வந்து உட்காரும். வாயில் அது வ-தான். சொற்கள் சேரும்போது எழுத்து மாறுவது புணர்ச்சி இலக்கணம் படித்த நமக்குப் புதிதில்லை. மரமும் வேரும் சேர்ந்தால் மரவேர் ஆகிறதே, அதுபோலத்தான். மாறும் இடம்தான் வேறு. நமக்குப் பெரும்பாலும் சொல்லின் கடைசியில் நடப்பது அவர்களுக்குச் சொல்லின் தொடக்கத்தில் நடக்கிறது.

உச்சரிப்பில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. ஐரிஷ்காரர்கள் தொண்டையில் உரசிச் சொல்லும் அந்த நடு ஒலி ஆங்கிலேயர் வாயில் வராது. நாம் 'மகன்' என்பதில் க-வைச் சொல்கிறோமே, அதைக் கொஞ்சம் அழுத்தினால் போதும், ஏறத்தாழ வந்துவிடும். முரகூ. உங்கள் மகள் சொல்லிப் பார்க்கட்டும், ஆசிரியை மகிழ்வார்.

அந்த 'க' எப்படி 'ஃப' ஆனது? ஆங்கிலத்தில் உரசும் இந்த ஒலி பழங்காலத்தில் இருந்து பிறகு மறைந்துவிட்டது. லாஃப், காஃப், இனஃப் போன்ற சொற்களின் எழுத்துக்கூட்டலில் இன்னும் ஜி-எச் நிற்கிறது, ஒலியோ ஃப. இன்னொரு ஐரிஷ் பெயரிலும் இதே தடம் தெரியும். 'ஓ டொனகா' என்ற பெயர் பல இடங்களில் டொனஹூ ஆனது. கில்கென்னிப் பக்கம் மட்டும் டன்ஃபி ஆனது. முர்ஹதாவுக்கு மர்ஃபி, டொனகாவுக்கு டன்ஃபி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும்.

இந்த மாற்றம் தானாக மட்டும் நடக்கவில்லை, சட்டமும் தள்ளியது. 1465இல், டப்ளினைச் சுற்றி ஆங்கிலேயர் கையில் இருந்த மாவட்டங்களில் வாழும் ஐரிஷ்காரர்கள் ஆங்கிலேயரைப் போல உடுத்த வேண்டும், மேலுதட்டு மீசையை மழிக்க வேண்டும், ஆங்கிலக் குடும்பப் பெயர் சூட்டிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தது. என்ன பெயர் என்பதற்கும் பட்டியல் கொடுத்தார்கள். ஓர் ஊரின் பெயர், அல்லது வெள்ளை, கறுப்பு, பழுப்பு என ஒரு நிறம், அல்லது கொல்லன், தச்சன் என ஒரு தொழில். 17ஆம் நூற்றாண்டில் நிலமெல்லாம் பறிபோய், கத்தோலிக்க ஐரிஷ்காரன் என்றாலே கதவு சாத்தப்படும் நிலை வந்தபோது, ஏராளமான குடும்பங்கள் 'ஓ'வையும் 'மேக்'கையும் கழற்றிப் போட்டன. முர்ஹத்தின் பேரன் என்ற பெயரிலிருந்து பேரன் போய்விட்டான். முர்ஹத் மட்டும் மிச்சம், அதுவும் உருமாறி.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஐரிஷ் மொழியை மீட்க 1893இல் தொடங்கிய கேலிக் லீக் போன்ற அமைப்புகளின் எழுச்சியோடு, பலர் தொலைத்த 'ஓ'வை மீட்டார்கள். சல்லிவன்கள் ஓ'சல்லிவன் ஆனார்கள், கானர்கள் ஓ'கானர் ஆனார்கள். மர்ஃபிகளோ பெரும்பாலும் அப்படிச் செய்யவில்லை. ஆங்கிலத்தில் ஓ'மர்ஃபி என்று அயர்லாந்தில் ஒருவரைப் பார்ப்பது மிக அரிது. பிரான்சில் பார்த்திருக்கலாம்: பதினைந்தாம் லூயி மன்னனின் காதலியாக இருந்த மரி லூயிஸ் ஓ'மர்ஃபி, பிரான்சுக்குப் போன ஐரிஷ் குடும்பத்துப் பெண். தாய்நாட்டில் உதிர்ந்த 'ஓ' அரண்மனை வரை போய் நிலைத்திருக்கிறது. தாய்நாட்டில் மர்ஃபிகள் அதை மீட்க நினைத்தால் நேராக ஐரிஷ் வடிவத்துக்கே போய்விடுகிறார்கள்: ஓ முரகூ, நீ வுரகூ. பாதியில் நிற்பதில்லை. எனக்கு இது பிடித்திருக்கிறது.

சரி, எந்த முர்ஹத்? ஒருவர் அல்ல, பலர். தென்கிழக்கில் வெக்ஸ்ஃபர்ட் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) இந்தப் பெயரின் தலையாய தாயகம். அங்கே ஊலர்ட் பக்கத்து மண்ணை ஆண்ட குலத்தின் தலைமைக் குடும்பம் 'ஓ மோர்கோ' என்ற பழைய வடிவத்தை இன்றும் வைத்திருக்கிறது. மேற்கே ஸ்லைகோ, ராஸ்காமன் பக்கம் வேறொரு முர்ஹத்தின் வழியினர். வடக்கே டிரோன், அர்மா கவுண்டிகளில் இருப்பவர்கள் 'ஓ' வகையே இல்லை; அவர்கள் 'மேக் முர்ஹி', அதாவது முர்ஹத்தின் மகன் வழி. ஆங்கிலேய எழுத்தர் எல்லோரையும் ஒரே மர்ஃபி ஆக்கிவிட்டார். எங்கள் கார்க் கவுண்டியில்தான் மர்ஃபிகளின் கூட்டம் மிக அதிகம். கிராமப்புறத்தில் குடும்பப் பெயரைச் சொன்னால் யாருக்கும் ஆள் விளங்காது. அப்பா பெயர், தாத்தா பெயர் என்று சங்கிலியாகச் சேர்த்தோ, செம்பட்டை முடிக்கு 'ருவா', வெளிர் முடிக்கு 'பான்' (மேலே மனைவியைக் குறித்த 'பான்' அல்ல, வேறு சொல்) என்று பட்டம் கட்டியோதான் அடையாளம் சொல்வார்கள்.

அயர்லாந்தின் பதிவுத்துறைத் தலைவராக இருந்த ராபர்ட் மேத்திசன் 1890ஆம் ஆண்டின் பிறப்புப் பதிவுகளை வைத்து ஒரு கணக்கு போட்டார். மர்ஃபிகள் ஏறத்தாழ 62,600 பேர், முதலிடம். அடுத்து கெல்லி, சுமார் 55,900. இன்றும் அயர்லாந்தில் முதலிடம் மர்ஃபிதான்.

பல மர்ஃபிகள் "நாங்கள் டீர்மட் மன்னன் பரம்பரை" என்று சொல்வதைக் கேட்பீர்கள். டீர்மட் மேக் முர்ஹதா, லெய்ன்ஸ்டர் நாட்டின் அரசன். 1152இல் பக்கத்து அரசன் ஒருவனின் மனைவி டெர்வர்கிலைத் தூக்கிக்கொண்டு போனவன். 1166இல் நாட்டைவிட்டு விரட்டப்பட்டு, இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ஹென்றியிடம் போய் நின்றான். ஹென்றியின் அனுமதியோடு அவன் திரட்டிய நார்மன் வீரர்கள் 1169இல் வெக்ஸ்ஃபர்டின் பேனோ விரிகுடாவில் இறங்கினார்கள். மறு ஆண்டு ஸ்ட்ராங்போ என்ற பிரபு வந்தான். டீர்மட் தன் மகள் ஈஃபாவை அவனுக்குக் கட்டிக்கொடுத்தான். 1171இல் ஃபெர்ன்ஸில் டீர்மட் இறந்தான். விருந்தாளியாக வந்த படை மட்டும் போகவில்லை. 'அந்நியரின் டீர்மட்' என்று அவனுக்கு ஐரிஷில் ஒரு பெயரே உண்டு. அவனுடைய பெயரிலும் ஒரு முர்ஹத் இருக்கிறான் என்பது உண்மை. ஆனால் அவன் வழிவந்தவர்கள் பெரும்பாலும் வேறு பெயர்களை எடுத்துக்கொண்டார்கள். அவன் மகன் டோனல் கீவானக் பெயரால் கவனா குடும்பம் வந்தது. இன்னொரு மகன் ஏன்னாவின் பட்டத்தால் கின்செல்லா குடும்பம் வந்தது. வெக்ஸ்ஃபர்ட் மர்ஃபிகள் அந்த அரச குலத்தின் பங்காளிகள் எனலாம். கார்க்கிலும் அர்மாவிலும் இருப்பவர்கள் எல்லோரும் மன்னனின் வாரிசுகள் என்பது பொருந்தாது.

மன்னனைவிட அந்தப் பெயருக்கு மரியாதை தேடிக் கொடுத்தவர் என்று நான் நினைப்பது ஒரு பாதிரியாரை. வெக்ஸ்ஃபர்டின் பூலவோக் என்ற சிற்றூரில் துணைப் பாதிரியாராக இருந்த ஜான் மர்ஃபி. ஆங்கில ஆட்சிக்கு எதிராக 1798இல் கிளர்ச்சி மூண்டபோது, மே மாதக் கடைசியில் அரசுப் படையினர் ஊரைக் கொளுத்தத் தொடங்கியதும், அதுவரை மக்களை ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர், அவர்களுக்குத் தலைமை தாங்கி நின்றார். மே 27 அன்று ஊலர்ட் குன்றில் ஈட்டிகளை ஏந்திய குடியானவர்கள் அரசுப் படையை முறியடித்தார்கள். ஜூன் 21இல் வினிகர் ஹில்லில் தோற்றார்கள். ஜூலை 2 அன்று டல்லோ நகரில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அதே கிளர்ச்சியில், ஜூன் 9 அன்று ஆர்க்லோ சண்டையில் சுடப்பட்டு இறந்த மற்றொரு பாதிரியாரின் பெயரும் மர்ஃபி, மைக்கேல் மர்ஃபி. ஒரே கவுண்டியில் ஒரே கிளர்ச்சியில் இரண்டு மர்ஃபி பாதிரியார்கள். அந்த மண்ணில் மர்ஃபிகள் எவ்வளவு அடர்த்தி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பெயர் ஒன்று என்பதால் பக்கமும் ஒன்று என்று நினைத்துவிடக்கூடாது. 1913இல் டப்ளினில் தொழிற்சங்கத்தில் சேர்ந்த தொழிலாளர்களை வெளியே நிறுத்தி மாதக்கணக்கில் கதவடைத்த முதலாளிகளின் தலைவர் வில்லியம் மார்ட்டின் மர்ஃபி. ஜேம்ஸ் லார்கினின் சங்கத்தை உடைப்பதே அவர் நோக்கம்.

நீங்கள் கேட்ட சாதி விஷயம். இல்லை, மர்ஃபி சாதிப்பெயர் அல்ல. தொழிலையோ தட்டையோ அது சொல்லாது. மருத்துவரும் மர்ஃபி, மாட்டுப் பண்ணைக்காரரும் மர்ஃபி. ஆனால் பெயரைக் கேட்டு ஆளை எடைபோடும் பழக்கம் அந்தத் தீவுக்கும் தெரியாததில்லை. வடக்கு அயர்லாந்தில் ஒருவர் மர்ஃபி என்று சொன்னதும் எதிரே இருப்பவர் மனத்துக்குள் 'கத்தோலிக்கர்' என்று குறித்துக்கொள்வார். கலவர ஆண்டுகளில் அந்தக் குறிப்பு வேலையையும் சில நேரம் உயிரையும் தீர்மானித்தது. அப்படிக் குறிப்பதும் பல முறை பிழையாகும். 1963 முதல் 1969 வரை அங்கே பிரதமராக இருந்த டெரன்ஸ் ஓ'நீல், புராட்டஸ்டன்ட் யூனியனிஸ்ட், அதாவது பிரிட்டனோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்பவர். அவருடைய முன்னோர் சிச்செஸ்டர் என்ற ஆங்கிலப் பெயருக்குரியவர். 1855இல் சொத்துரிமையோடு ஓ'நீல் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். எதிர்ப்பக்கம், ஐரிஷ் தேசியவாதக் கட்சியான சின் ஃபெய்னின் தலைவராக இருந்த ஜெரி ஆடம்ஸின் குடும்பப் பெயரில் ஐரிஷ் வாடையே கிடையாது.

நமக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரும் இங்கே நினைவுக்கு வருகிறார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் பிறந்தது 1814இல், அயர்லாந்தின் ஆண்ட்ரிம் கவுண்டியில். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். 'குளிர்ந்த ஊற்று' என்று பொருள்படும் அந்தப் பெயரும் கடல் தாண்டி வந்ததுதான். அயர்லாந்தில் பிறந்தவர் பெயரெல்லாம் ஐரிஷ் பெயர் ஆகாது.

ரேடியோவுக்கு வருகிறேன். தொடர்பு உண்டு, ஆனால் சுற்றி வரவேண்டும். மர்ஃபி ரேடியோ அயர்லாந்தில் பிறந்த நிறுவனம் அல்ல. 1929இல் ஃபிராங்க் மர்ஃபியும் ஈ. ஜே. பவரும் சேர்ந்து இங்கிலாந்தின் வெல்வின் கார்டன் சிட்டியில் தொடங்கியது. நிறுவனருடைய பெயர்தான் பெட்டியின் முகத்தில் ஒட்டிக்கொண்டது. உதட்டில் விரல் வைத்த அந்தக் குழந்தையின் படத்தோடு அது நம் வீடுகளுக்கு வந்தபோது, ஒரு கடல் வீரனின் பெயர் கூடத்தில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

'மர்ஃபி விதி'யும் அப்படியே. கெட்டுப்போக வாய்ப்புள்ளது கெட்டே போகும் என்கிற அந்த வாக்கியம், 1949இல் அமெரிக்காவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் ராக்கெட் வண்டிச் சோதனையில் உணர்கருவிகளைத் தலைகீழாக இணைத்துவிட்டதைப் பார்த்த பொறியாளர் எட்வர்ட் மர்ஃபியின் பெயரால் வழங்குகிறது.

பெயர் அமெரிக்கா போன கதையில் துயரம் அதிகம். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து, அடுத்த சில ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டார்கள். அதற்கு மேலும் பத்து லட்சத்துக்குக் குறையாமல் கப்பலேறினார்கள். லண்டன் கருவூலத்தில் இருந்து நிவாரணத்தைக் கஞ்சத்தனமாக அளந்து கொடுத்த சார்லஸ் டிரெவெலியன், பிறகு 1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தவர். ஆங்கிலக் கொச்சையில் உருளைக்கிழங்குக்கே 'மர்ஃபி' என்று ஒரு பெயர் உண்டு. பஞ்சத்துக்கு முன்பே வந்த ஏளனச் சொல் அது. பிழைக்கப் போன நாட்டில் அந்தச் சொல்லையும் சேர்த்துத்தான் அவர்கள் கேட்டிருப்பார்கள். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் இன்று எந்த ஊரிலும் ஒரு மர்ஃபி இருப்பார். அங்கே முதல் பெயராகக்கூட வைக்கிறார்கள். 2024இல் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் வாங்கிய கிலியன் மர்ஃபி எங்கள் கார்க்காரர். தமிழில் பலர் 'சிலியன்' என்று எழுதுகிறார்கள். ஐரிஷில் சி எப்போதும் க-தான். திருத்திக்கொள்ளலாம்.

அந்தக் குடும்பம் தங்கள் வேரைத் தேட விரும்பினால் ஒன்று சொல்லுங்கள். குடும்பப் பெயர் மட்டும் வழிகாட்டாது. 'டவுன்லேண்ட்' எனப்படும் சிறு நிலப்பிரிவின் பெயர் வேண்டும். நாடு முழுக்க அறுபதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. 1922 உள்நாட்டுப் போரில் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்துப் பொது ஆவணக்காப்பகம் எரிந்து, நூற்றாண்டுகளின் ஏடுகள் சாம்பலாயின. எஞ்சியவற்றில் 1901, 1911 மக்கள்தொகைக் கணக்குகள் தேசிய ஆவணக்காப்பகத்தின் இணையதளத்தில் இலவசம். அதற்கு முந்தைய காலத்துக்கு, 1847க்கும் 1864க்கும் இடையில் வெளியான கிரிஃபித் நிலவரி மதிப்பீடு. கத்தோலிக்கத் திருச்சபைப் பதிவேடுகளைத் தேசிய நூலகம் 2015இல் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. தாத்தாவின் டவுன்லேண்ட் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தெரியாவிட்டால் ஆயிரம் பேட்ரிக் மர்ஃபிகளுக்கு நடுவில் நிற்க வேண்டியதுதான்.

கடைசியாக, உங்கள் மகளுக்காக. தோழியின் பிறந்தநாள் அட்டையில் ஐரிஷ் பெயரை எழுத ஆசைப்பட்டால், 'நீ' என்பதிலும் கடைசி 'ஊ' மேலும் வரும் சாய்கோட்டை விட்டுவிட வேண்டாம். அதற்கு 'ஃபாதா' என்று பெயர். நெடில் என்பதைக் காட்டும் குறி. நமக்குக் குறில் நெடில் எவ்வளவு முக்கியமோ அவர்களுக்கும் அவ்வளவு. 'ஓ'வின் தலைமேல் இருந்த இதே கோட்டைத்தான் ஆங்கிலேய எழுத்தர்கள் பக்கவாட்டில் இறக்கி மேற்கோள் குறி ஆக்கினார்கள் என்று சொல்வதுண்டு. அட்டையை முதலில் தோழியின் அண்ணனிடம் காட்டச் சொல்லுங்கள். அவன் சரிபார்த்துக் கொடுப்பான்.